கேஸ் சம்மரி ஆப் ரிவ்யூ: அந்த பெப்பர்மின்ட் எங்கப்பா?

லா காலேஜ் குரூப்ல எல்லாம் லிங்க் சுத்திக்கிட்டு இருக்கே, அந்த கேஸ் சம்மரி ஆப் பத்திதான் இந்த ரிவ்யூ. பேரு போடல, எப்படியும் போனைத் திறந்தா அவங்க விளம்பரம்தான் முதல்ல வந்து நிக்கும், உங்களுக்கே தெரிஞ்சிடும். பெரிய பெரிய தீர்ப்பை எல்லாம் மூணு நிமிஷத்துல முடிச்சுத் தர்றோம்னு சொல்லி காசு வாங்கறாங்க. சரி நிஜமாவே அப்படித்தானான்னு பாக்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச, முழுசா படிச்சு வெச்சிருக்கற ஒரு கேஸைப் போட்டுத் தேடினேன், அப்பதானே எதை விட்டுட்டாங்கன்னு கையும் களவுமா பிடிக்க முடியும்.

கேஸ் வந்து ஃபாஸெட் பப்ளிகேஷன்ஸ் எதிர் மோரிஸ், அமெரிக்காவுல ஓக்லஹோமா மாநில சுப்ரீம் கோர்ட், 1962. டெனிட் மோரிஸ்னு ஒருத்தர், ஓக்லஹோமா யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீம்ல ஃபுல்பேக் (அமெரிக்கன் ஃபுட்பால்ங்க, நம்ம கால்பந்து இல்ல). ஸ்டார் எல்லாம் கிடையாது, மாத்தி மாத்தி இறக்கற ரெண்டாவது செட்ல ஆடினவர். ஆனா டீம் அப்படிப்பட்ட டீம், பட் வில்கின்சன்தான் கோச், 1956-ல ஆடின 10 மேட்சும் ஜெயிச்சு நேஷனல் சாம்பியன், 1953-ல ஆரம்பிச்ச வெற்றி 1957 நவம்பர்ல நோட்டர் டேம் கிட்ட 7-0-ன்னு தோக்கற வரைக்கும் தொடர்ச்சியா 47 மேட்ச் போச்சு.

ஒரு டீம் இப்படி ஜெயிச்சுக்கிட்டே இருந்தா நாலு பேரு நாலு விதமா பேசத்தான் செய்வாங்க. ட்ரூன்னு ஒரு ஆம்பளைங்க பத்திரிகை, ஃபாஸெட் கம்பெனியோடது, 1958 மார்ச் இதழ்ல ஆம்பெடமின் மாத்திரை (உடம்புக்கு செயற்கையா சுறுசுறுப்பு ஏத்தற மருந்து) விளையாட்டையே கெடுக்குதுன்னு ஒரு கட்டுரை போட்டுச்சு. அதுக்கு நடுவுல, ஓக்லஹோமா பசங்க மூக்குல ஸ்ப்ரே அடிக்கறதை சில டாக்டருங்க பாத்தாங்க, டிவில க்ளோஸப்லயே வந்துச்சு, பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு குதிரைக்கு இதைப் பண்ணினப்போ கோர்ட்டுக்கே போச்சுன்னு ஒரு டாக்டர் சொன்னாருன்னு ஒரு குத்தல் வேற. மோரிஸ் பேரு அதுல இல்ல. எந்த ஆட்டக்காரர் பேருமே இல்ல. ஆனாலும் இது என்னையும் சேத்துத்தான் சொல்லுதுன்னு மோரிஸ் ஃபாஸெட் மேல அவதூறு கேஸ் போட்டாரு.

அந்த பாட்டில்ல என்ன இருந்துச்சு தெரியுமா? பெப்பர்மின்ட் ஸ்பிரிட். ஓடி ஓடி வாய் வறண்டு போகும்ல, அதுக்கு அடிச்சுக்கறது, அவ்வளவுதான்!

ஆப் சம்மரில பெப்பர்மின்ட்டும் இல்ல குதிரையும் இல்ல. "குழு அவதூறு, டீம் மெம்பர் கேஸ் போடலாம், 75,000 டாலர் நஷ்டஈடு உறுதி"ன்னு மூணு வரில முடிச்சுட்டாங்க (குழு அவதூறுன்னா தனி ஆள் பேரைச் சொல்லாம ஒரு கூட்டத்தையே தப்பா எழுதறது). தொகை சரிதான், ஜூரி குடுத்ததை மேல் கோர்ட்டும் அப்படியே வெச்சுது. ஆனா இந்த கேஸோட உயிரே அங்கதான் இருக்கு, பத்திரிகை எந்த இடத்துலயும் "இவங்க போதை மருந்து அடிச்சாங்க"ன்னு நேரா எழுதல, முன்னாடி பின்னாடி ஆம்பெடமின் கதையை வெச்சுட்டு நடுவுல இந்த ஸ்ப்ரேயை சொருகிட்டாங்க, படிக்கறவன் தானா முடிச்சுப் போட்டுக்குவான். கட்டுரையை மொத்தமா வெச்சுப் பாத்துதான் கோர்ட் இது அவதூறுன்னு சொல்லுச்சு. பத்திரிகை ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க தெரிஞ்சுக்க வேண்டியதே இதைத்தான், அதைப் போய் வெட்டிட்டா எப்படி.

இன்னொண்ணு இதைவிட மோசம். "குரூப் சின்னதா இருந்தா மட்டும் கேஸ் நிக்கும்"னு ஒரு வரி போட்டிருக்காங்க. அந்த டீம்ல 60, 70 பேரு இருந்தாங்க, சின்னதா அது? நீமன் மார்கஸ்னு டல்லாஸ் துணிக்கடை கேஸ் ஒண்ணு, 1952, ஒரு புத்தகத்துல கடை ஆளுங்களை அசிங்கமா எழுதிட்டாங்க, 25 சேல்ஸ்மேன்ல 15 பேரு போட்ட கேஸை நடத்த கோர்ட் அனுமதிச்சுது, 382 சேல்ஸ் பொண்ணுங்க சார்பா வந்ததை அனுமதிக்கல. மோரிஸ் கேஸ்ல பத்திரிகை பிடிச்சுக்கிட்டு தொங்கினது இந்த எண்ணிக்கையைத்தான். ஓக்லஹோமா கோர்ட் தலையை மட்டும் எண்ணிக்கிட்டு உக்காரல, இந்த ஆள் எவ்வளவு தூரம் அந்த டீமோட ஒட்டி இருந்தாரு, படிக்கறவங்களுக்கு இவரு ஞாபகம் வருவாரான்னு பாத்துச்சு. ரெகுலரா ஆடினவரு, அதனால கேஸ் நின்னுச்சு. எக்ஸாம்ல ஆப் சொன்னதை எழுதினா மார்க் போயிடும் சொல்லிட்டேன்.

நம்ம சேலம் கேஸையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, 1971 மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு பத்தி தி இந்து போட்ட செய்திக்கு வரவேற்புக் குழுத் தலைவர் கேஸ் போட்டாரு, மாநாடுன்னா அதுல யாரு யாருன்னு திட்டமா சொல்ல முடியாதுன்னு 1972-ல நம்ம சுப்ரீம் கோர்ட் தள்ளிடுச்சு. இதையும் ஆப்ல தேடினேன், இருக்கு, ஆனா அது எங்கயோ இது எங்கயோ, ரெண்டுக்கும் லிங்க்கே இல்ல.

சும்மா திட்டிட்டே இருக்கேன்னு நினைக்காதீங்க, நல்லதும் இருக்கு. "தொடர்புடைய வழக்குகள்" பகுதி அருமை, மோரிஸ்ல இருந்து நேரா பட்ஸ் கேஸுக்கு கூட்டிட்டுப் போச்சு. வாலி பட்ஸ், ஜார்ஜியா யுனிவர்சிட்டி அத்லெடிக் டைரக்டர், டீமோட ரகசியத்தை போன்ல அலபாமா கோச்சுக்கு சொல்லிட்டாருன்னு 1963-ல சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட் எழுதுச்சு, ஆதாரம் யாருன்னா லைன் மாறி ஒட்டுக்கேட்ட ஒரு இன்ஷூரன்ஸ் ஆளு. அவரு எழுதி வெச்ச குறிப்பைக்கூட வாங்கிப் பாக்காம அச்சுல ஏத்திட்டாங்க. ஜூரி 30 லட்சம் டாலருக்கு மேல போட்டு, அப்புறம் 4,60,000-ஆ குறைஞ்சு, 1967-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல 5-4-ன்னு மயிரிழைல பட்ஸ் ஜெயிச்சாரு. இந்த சம்மரி மட்டும் ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க, வேற யாரோ எழுதியிருப்பாங்க போல. எழுத்து பெரிசு பண்ணிக்கலாம், ஆஃப்லைன்ல பஸ்லயும் படிக்கலாம்.

ஆனா தேதி விஷயத்துல கோட்டை விடறாங்க. நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன்ங்கற அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு 1964 மார்ச்ல வந்துச்சு, பொது வாழ்க்கைல இருக்கறவங்க அவதூறு கேஸ்ல ஜெயிக்கறது அதுக்கப்புறம்தான் கஷ்டமாச்சு. மோரிஸ் அதுக்கு முன்னாடியே ஜெயிச்சுட்டாரு. இதே கேஸ் இன்னிக்கு வந்தா நிக்குமாங்கற கேள்வி யாருக்கும் வரும்ல, ஆப்ல அதைப் பத்தி மூச்சே இல்ல.

5-க்கு 2.5 குடுக்கலாம், அந்த அரையும் பட்ஸ் சம்மரிக்காக. மோரிஸ் தீர்ப்பு நெட்ல இலவசமாவே கிடைக்குது, ஒண்ணும் பெரிய நீளமும் இல்ல, ஒரு காபி முடிக்கறதுக்குள்ள படிச்சிடலாம். எக்ஸாம் நேரத்துல வேணும்னா மாசப் பிளான் மட்டும் போடுங்க, வருஷப் பிளான் வேண்டவே வேண்டாம், ரீஃபண்ட் கேட்டு மெயில் போட்டேன், "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு பதில் வந்துச்சு.