பழைய குடியிருப்பில் வீடு வாங்குவோர் கவனத்துக்கு: கழிவுநீர்க் குழாயைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1950களில் உருவான குடியிருப்பு அது. அகலமான தெரு, சுற்றிலும் தோட்டம் விட்டுக் கட்டிய சிறிய வீடுகள், எழுபது ஆண்டு வளர்ந்த மரங்கள். அப்படி ஒரு நிழல் புதிய மனைப்பிரிவுகளில் கிடைக்காது. அந்த நிழலுக்காகவே நானும் என் மனைவியும் சேமிப்பு முழுவதையும் அந்த வீட்டில் போட்டோம்.

உள்ளே எல்லாம் புதுப் பெயின்ட், புதுத் தரை. "பழையதை எல்லாம் மாற்றியாகிவிட்டது சார், நீங்கள் பெட்டியோடு வந்தால் போதும்" என்றார் தரகர். வீட்டைச் சோதிக்க ஆளையும் அவரே அனுப்பினார். வந்தவர் ஒரு மணி நேரத்தில் கூரை, சுவர், சன்னல் என்று குறித்துக்கொண்டு, நல்ல நிலையில் இருப்பதாக அறிக்கை கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மண்ணுக்கடியில் உள்ளதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அவர் யாருக்காக வேலை பார்க்கிறார் என்று நான் அன்றே யோசித்திருக்க வேண்டும்.

குடிவந்த ஐந்தாவது வாரம், குளியலறைத் தரையில் கறுப்புத் தண்ணீர் பொங்கி வந்தது. நாங்களே தேடிப் பிடித்த பிளம்பர் குழாய்க்குள் கேமராவை விட்டார். அந்தச் சின்னத் திரை இன்னும் கண்ணில் நிற்கிறது. வட்டமாக இருக்க வேண்டிய குழாய் முட்டை வடிவில் அமுங்கிக் கிடந்தது. உட்புறமெங்கும் கொப்புளங்கள். இணைப்பு விட்ட இடங்களில் வேர்கள் சடை சடையாகத் தொங்கின. மரநாரைத் தாரில் தோய்த்துச் செய்த குழாயாம். 1970கள் வரை சில நாடுகளில் இதைப் புதைத்திருக்கிறார்கள். சுடுநீரும் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணின் பாரமும் சேர்ந்தால் காலப்போக்கில் இப்படித்தான் ஆகும் என்றார். ஒட்டுப்போட வழியில்லை, தெரு வரை மாற்றியாக வேண்டும்.

அதைவிட என்னைக் கொதிக்க வைத்தது மின்சார வேலை. எல்லா அறைகளிலும் புத்தம் புதிய மூன்று துளை சாக்கெட்டுகள். ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. குழந்தை இருக்கும் வீடு என்று தெரிந்தே விற்றிருக்கிறார்கள்.

எதிர்வீட்டு அம்மா கேட்டார்: "அடைப்பெடுக்கிற வண்டி அடிக்கடி வந்து நிற்குமே, உங்களிடம் சொல்லவில்லையா?" சொல்லவில்லை. விற்றவர் தொலைபேசியை எடுப்பதே இல்லை. தரகரோ, "உள்ளது உள்ளபடி என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே" என்கிறார்.

தயவுசெய்து, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் சொந்த ஆளை வைத்துக் கேமரா விட்டுப் பாருங்கள். விற்பவர் மறுத்தால் அந்த வீடு வேண்டாம். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் கால் மணி நேரம் திறந்துவிடுங்கள், பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்க்குள் துரு அடைத்திருந்தால் தண்ணீரின் வேகமே காட்டிக்கொடுக்கும். எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த் இருக்கிறதா என்று சோதியுங்கள். புதுத் தரைக்கடியில் பழைய ஓடுகள் இருந்தால் ஆய்வு செய்யாமல் உடைக்காதீர்கள், தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் அவற்றில் இருக்கக்கூடும். அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் விசாரியுங்கள். நான் கையெழுத்துக்குப் பிறகுதான் விசாரித்தேன்.

நேற்று வாசலிலிருந்து தோண்டத் தொடங்கியிருக்கிறார்கள். மரத்தின் பெரிய வேர் ஒன்று குழாய்த் தடத்துக்குக் குறுக்கே போகிறது. அதை வெட்டாமல் அடியில் குடைந்து கொண்டுபோக முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.