கோட்டா, பட்டு வேட்டியா, டி-ஷர்ட்டா: கப்பலில் இரவு விருந்துக்கு எந்த விதி நமக்குத் தோது?

வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் அறுபதாம் கல்யாணம் முடிந்த தம்பதிகளைப் பிள்ளைகள் கப்பல் பயணத்துக்கு அனுப்பிவைப்பதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். மகன் சிங்கப்பூரில் இருப்பார், அல்லது மகள் அமெரிக்காவில் இருப்பார், டிக்கெட் வந்துவிடும். அதன் பிறகுதான் பேச்சு எழும்: "இரவுச் சாப்பாட்டுக்குக் கோட், டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாமே?" அப்பாவுக்கு அங்கேயே பாதி ஆசை போய்விடும். அம்மாவுக்கு எத்தனை பட்டுப்புடவை எடுத்துவைப்பது என்ற யோசனை. கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது அறையின் அளவு, இறங்கும் ஊர்கள், கட்டணம் எல்லாம் பார்க்கிறோம். உடுப்பு விதியையும் அந்த வரிசையில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. கப்பலுக்குக் கப்பல் அது மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது.

உடுப்பு விதி விஷயத்தில் எங்கள் ஊருக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1805 நவம்பரில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்துக்குத் தலைமைத் தளபதியாக ஜான் கிரடாக் இருந்தபோது ஓர் உத்தரவு வந்தது. சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தலைப்பாகைக்குப் பதில் தோல் குஞ்சம் வைத்த புதுத் தொப்பியை அணிய வேண்டும். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த எழுச்சிக்கு இந்த உத்தரவு முக்கியமான காரணம். நம் காலத்திலும் ஒன்று நடந்தது. 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த காரணத்துக்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு மன்றம் (கிளப்) உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டப்பேரவை ஒரு சட்டம் இயற்றியது. வேட்டி கட்டியவரைத் தடுக்கும் மன்றத்தின் உரிமம் ரத்தாகலாம். ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தச் சட்டம் தமிழ்நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது. இங்கிலாந்திலிருந்து கிளம்பும் கப்பலிடம் அதைக் காட்ட முடியாது.

ஆகவே எந்தக் கப்பலானாலும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பேன். விதிப்படி உடுத்தாவிட்டால் என்ன ஆகும்? நம் சொந்த உடைக்கு அந்த விதியில் இடம் இருக்கிறதா? அன்று சிப்பாய்களுக்கு மாற்று வழியும் இல்லை, சொந்த உடைக்கு இடமும் இல்லை. இன்றைய கப்பல்களில் நிலைமை எவ்வளவோ மேல்.

மிகக் கண்டிப்பானதாகப் பெயரெடுத்த குனார்டு நிறுவனத்திலிருந்து தொடங்குகிறேன். அதன் குயின் மேரி 2 கப்பல் 2004 முதல் ஓடுகிறது. சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே அட்லாண்டிக்கை வழக்கமாக ஏழு இரவுகளில் கடக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் கப்பலின் பெரும்பகுதியில் நேர்த்தியாக உடுத்தியிருக்க வேண்டும். சாதாரண இரவுகளில் முழுக்கால் சட்டையும் காலர் வைத்த சட்டையும் போதும். ஏழு இரவுப் பயணத்தில் பெரும்பாலும் இரண்டு இரவுகள் 'காலா' (gala) இரவுகள், அதாவது முறையான உடை அணியும் விருந்து இரவுகள். அன்று ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது அடர்நிற சூட், போ டை அல்லது சாதாரண டை. பெண்களுக்கு நீளமான கவுன் அல்லது அதற்கு ஈடான விருந்து உடை.

இவ்வளவைக் கேட்டதும் நம் ஆட்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அவரவர் நாட்டின் முறையான உடை, ராணுவச் சீருடை, ஸ்காட்லாந்துக்காரர்கள் பாவாடைபோல் அணியும் கில்ட் ஆகியவற்றையும் அதே விதி ஏற்கிறது. பட்டு வேட்டியும் முழுக்கைப் பட்டுச் சட்டையும் அங்கவஸ்திரமும் நம்முடைய முறையான உடை இல்லாமல் வேறென்ன? ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுக் குடும்பங்களில் நிக்காஹ்வுக்கு அணியும் ஷெர்வானிக்கும் இது பொருந்தும். என் முதல் கேள்விக்கும் அங்கே பதில் இருக்கிறது. உடுத்த மனமில்லாதவர்கள் கிங்ஸ் கோர்ட் என்ற பஃபே கூடத்திலோ கோல்டன் லயன் பப்பிலோ சாதாரண உடையில் சாப்பிடலாம். யாரும் பட்டினி கிடப்பதில்லை. எந்தக் கூடத்தில் உட்காருகிறோம் என்பதை மட்டுமே உடை தீர்மானிக்கிறது.

அடுத்தது, சிங்கப்பூர் மெரினா பே துறைமுகத்திலிருந்து நம்மவர்கள் அதிகம் ஏறும் ராயல் கரீபியன். அங்கே மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் பிரபலம். ஐந்து இரவு வரையிலான பயணத்தில் ஓர் இரவும், ஆறு முதல் பத்து இரவு வரை இரண்டு இரவுகளும் முறையான உடைக்கு ஒதுக்கப்படுகின்றன. கட்டாயம் என்று யாரும் சொல்வதில்லை. நீச்சல் உடை, கையில்லா பனியன் போன்றவற்றை மட்டும் பிரதான உணவுக்கூடத்தில் அனுமதிப்பதில்லை. ஒரு மேசையில் சூட் போட்டவரும் பக்கத்து மேசையில் டி-ஷர்ட் போட்டவரும் இருப்பார்கள். வின்ட்ஜாமர் பஃபேயில் எந்தக் கெடுபிடியும் கிடையாது.

கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நடுவாந்தரம்தான் நம் ஆட்களை அதிகம் அலைக்கழிக்கிறது. எதைப் போட்டாலும் சரி என்று சொன்னால், கல்யாண மண்டபம் தவிர வேறெங்கும் அலங்காரம் செய்துகொள்ளாத ஒருவருக்கு எதைப் போடுவது என்றே தெரியாது. பட்டு வேட்டியில் போனால் தான் மட்டும் தனியாகத் தெரிவோமோ, பேன்ட் சட்டையில் போனால் குறைவாக இருக்குமோ என்ற தயக்கத்தில் பெட்டியைத் திறந்து திறந்து மூடுவார். விதியை முழுமையாக எழுதிவைத்திருக்கும் கப்பலில் இந்தத் தவிப்பு இல்லை. வெளியூர்க்காரருக்கு உதவுவது தெளிவாக எழுதப்பட்ட விதிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த வம்பே வேண்டாம் என்பவர்களுக்கு நார்வீஜியன் குரூஸ் லைன் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு 'ஃப்ரீஸ்டைல்' என்ற முறையைக் கொண்டுவந்து, குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட மேசை, முறையான உடை இரவு மூன்றையும் எடுத்துவிட்டார்கள். பிரெஞ்சு உணவகம் போன்ற ஓரிரு இடங்களில் ஆண்கள் முழுக்கால் சட்டை அணிந்தால் போதும். விருப்பமுள்ளவர்கள் அலங்கரித்துக்கொள்ள ஓர் இரவு உண்டு. மற்றவர்களை யாரும் கேட்பதில்லை. செலிப்ரிட்டி நிறுவனமும் 2015-இல் பழைய முறையான இரவுகளை விட்டுவிட்டுக் கொஞ்சம் தளர்வான மாலை உடைக்கு மாறியது. பெரியவர்களுக்கு மட்டுமான வர்ஜின் வாயேஜஸில் ஓர் இரவு சிவப்பு உடுத்தச் சொல்வார்கள், அவ்வளவுதான். இவற்றில் போகிறவர்களுக்குப் பெட்டியின் எடை குறையும். கைக்குழந்தையோடு போகும் இளம் தம்பதிக்கு நான் தயங்காமல் இந்த வகையைச் சொல்வேன். ஆறு மணிக்குத் தூங்கி வழியும் பிள்ளைக்குக் காலர் சட்டை மாட்டிவிடுவது யாருக்கும் இன்பம் தராது.

நம் வாசலிலேயே ஏறக்கூடியது கோர்டிலியா. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அதன் பயணத்தை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். மறு ஆண்டு இலங்கைக்கும் போனது. அதன் 'எம்ப்ரஸ்' 1990-இல் கட்டப்பட்டது, முன்பு ராயல் கரீபியனிடம் இருந்த கப்பல்தான். கோட், டை கட்டாயம் இல்லை. பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்பதால் சேலையும் சுடிதாரும் குர்தாவும் அங்கே இயல்பாக இருக்கும். ஜைன உணவு வரை கிடைக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை போய்ச் சேர்ந்துவிடலாம். விமானத்தில் பெட்டியின் எடைக்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. கடல் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ள இதுவே போதும். அறுபதாம் கல்யாணத்தின் நினைவாக ஒரு பெரிய விருந்து இரவு வேண்டும் என்றால் இதில் அந்தக் கம்பீரம் கிடைக்காது.

இனி பெட்டிக்குள் என்ன போகிறது என்பதைப் பார்ப்போம். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

பெண்களுக்கு எந்தக் கப்பலிலும் பிரச்சினை இல்லை. பட்டுப்புடவையைக் குறை சொல்லும் விதி எந்த விருந்துக்கூடத்திலும் இருக்க நியாயமில்லை. இஸ்திரிதான் பிரச்சினை. தீ ஆபத்து கருதி அறைக்குள் இஸ்திரிப் பெட்டியைப் பெரும்பாலான கப்பல்கள் அனுமதிப்பதில்லை. ஏறும்போது பெட்டிகளைச் சோதித்து எடுத்துவைத்துக்கொள்வார்கள். நீராவியில் சுருக்கம் நீக்கும் கருவிக்கும் இதே கதிதான். குனார்டில் பயணிகளே துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளத் தனி அறை இருக்கிறது. ராயல் கரீபியனில் அந்த வசதி இல்லை. காசு கொடுத்துத் தேய்க்கக் கொடுக்க வேண்டும். ஜரிகை தெரியாத கையில் காஞ்சிப் பட்டைக் கொடுக்க எந்த அம்மாவுக்கும் மனம் வராது.

இதற்கு வழி இங்கேயே இருக்கிறது. கல்யாணப் பெண்களுக்குப் புடவையை முன்கூட்டியே மடிப்பு எடுத்து, தேய்த்து, பின் குத்திப் பெட்டி மடிப்பாகக் கொடுக்கும் பெண்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கொசுவமும் முந்தானை மடிப்பும் தயாராக இருப்பதால் குறுகலான அறையில் ஆளுயரக் கண்ணாடி இல்லாவிட்டாலும் சில நிமிடங்களில் கட்டிவிடலாம். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, பெட்டியின் மேல்தட்டில் வைத்தால் மடிப்புக் கலையாது. கனமான கல்யாணப் பட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆரணிப் பட்டு ஒன்றை எடுத்துப் போகலாம். எடை குறைவு; பழைய வட ஆற்காட்டின் சொந்த நெசவு என்ற பெருமையும் சேரும். மேலே ஒரு சால்வை அவசியம். வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு விருந்துக்கூடத்தின் ஏசி குளிர் தாங்காது.

ஆண்களின் கோட் வேறு விவகாரம். வீட்டு பீரோவில் பெரும்பாலும் ஒரு கோட் சூட் தொங்கும். கல்யாண வரவேற்பன்று மே மாத வெயிலில் வியர்க்க வியர்க்கப் போட்டது. பத்தாண்டுக்குப் பிறகு அது வயிற்றில் பூட்டாது. பிரித்துத் தைக்கத் துணி விட்டிருந்தால் தையல்காரர் சரிசெய்துவிடுவார். அந்தச் செலவு புதிதாகத் தைப்பதைவிடக் குறைவு. இல்லையென்றால் ஓர் இரவுக்காகப் புது சூட்டுக்குப் பணம் போடாதீர்கள் என்றே சொல்வேன். அதே பணத்தில் நல்ல பட்டு வேட்டி, சட்டை வாங்கினால் பேரனின் காதுகுத்துவரை பயன்படும்.

கப்பலில் வேட்டி கட்டுவதற்குச் சில நடைமுறைகள் உண்டு. மேல்தளத்தில் காற்று பலமாக அடிக்கும். ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி என்றால் நிம்மதி. அதில் பை இருக்கும். அறையைத் திறக்கும் அட்டையை வைத்துக்கொள்ளலாம். மடித்துக் கட்டாமல் கணுக்கால்வரை தழையவிட்டுத்தான் விருந்துக்கூடத்துக்குள் நடக்க வேண்டும். ரப்பர் செருப்பு கூடவே கூடாது. மூடிய தோல் காலணி பாதுகாப்பானது. உலகத்துக்கே தோல் காலணி தைத்து அனுப்பும் ஆம்பூரையும் ராணிப்பேட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதற்கு வெளியே தேட வேண்டியதில்லை. குடியாத்தம் லுங்கி அறைக்குள் மட்டும்.

இன்னொரு விவரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். முறையான இரவுகளைப் பெரும்பாலும் கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காத நாளில் வைப்பார்கள். தயாராக அவகாசம் கிடைக்கும். முதல் இரவில் வைப்பதில்லை, பெட்டிகள் அறைக்கு வந்துசேரத் தாமதமாகும் என்பதால். முறையான இரவன்று மாலை படிக்கட்டருகே புகைப்படக்காரர்கள் திரை கட்டி நிற்பார்கள். எடுத்துக்கொள்வதற்குக் கட்டணமில்லை, வாங்கினால்தான் காசு. அறுபது வயதில் இரண்டு பேரும் பட்டு உடுத்தி நிற்கும் படத்துக்கு அந்தக் காசு தகும்.

என் தேர்வைக் கேட்டால், மூத்த தம்பதிக்கு, நீண்ட பயணம் உடம்புக்கு ஒத்துக்கொண்டால், முறையான இரவு உள்ள குனார்டு வகை. மூன்று தலைமுறையாகக் குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சிங்கப்பூர்க் கப்பல். ஆனால் அன்றிரவு என்ன உடுத்துவது என்று வீட்டிலேயே எல்லோரும் ஒன்றாகப் பேசி முடிவெடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். உடுப்பே பாரமாகத் தோன்றுகிறவர்களுக்கு நார்வீஜியனோ கோர்டிலியாவோ.

எதை எடுத்தாலும், பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: முறையான இரவில் வேட்டி சட்டைக்கும் ஷெர்வானிக்கும் பிரதான உணவுக்கூடத்தில் அனுமதி உண்டா என்று, படத்தோடு. வரும் பதிலைத் தொலைபேசியில் சேமித்துவையுங்கள். காகிதத்திலும் ஒரு நகல் எடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் இணையம் கிடைக்காத நேரத்திலும் அது கையில் இருக்கும்.