லடாக் வெந்நீர் ஊற்று டூர்னு 38,500 ரூபாய் போச்சு. முன்பணம் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஊருக்கு வந்து பத்து நாள் ஆச்சு. நேத்து டிராவல்ஸ்காரன் என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். அதான் எழுதறேன்.

அம்மாவுக்கு முட்டிவலி. லடாக்ல சுமதாங்ங்கற ஊர்ல சிந்து நதிக்கரையிலேயே வெந்நீர் ஊற்று இருக்கு, குளிச்சா இதமா இருக்கும்னு யாரோ சொன்னதுல இருந்து அதே நினைப்பு. இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் போடற ஒரு டிராவல்ஸ்ல விசாரிச்சேன். லேயில இருந்து சுமதாங், பூகா, ட்சோ மோரிரி ஏரி, மூணு நாள், 38,500. முழுப்பணமும் முன்னாடியே வேணுமாம். தயங்கினேன். அம்மாகிட்ட போனைக் குடுக்கச் சொன்னான். "அம்மா, லே வந்ததும் ரெண்டு நாள் நல்லா படுத்து ரெஸ்ட் எடுங்க, மூச்சு பழகணும். வண்டில ஆக்சிஜன் சிலிண்டர் வெச்சுடறேன்"னு அழகான தமிழ்ல சொன்னான். போனை வெச்சதும் அம்மா, "நல்ல பையனாட்டம் இருக்கான், போட்டு விடு கண்ணு". அப்பவே ஜிபேல போட்டேன்.

ஆறு மணிக்கு வர வேண்டிய வண்டி ஒன்பதரைக்கு வந்துச்சு. வெள்ளை நம்பர் பிளேட். சிலிண்டர் இல்ல. வழியில உப்ஷிங்கற ஊர்ல மடக்கிட்டாங்க, சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாதாம். தலைவலியோட அம்மா ரோட்டோரத்துல ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க. நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்ல வேலையே செய்யாது, அதைக்கூட அவன் சொல்லல. டீக்கடைக்காரர் போன்ல கூப்பிட்டா, "அக்கா, மீட்டிங்ல இருக்கேன்"னு வெச்சுட்டான். திரும்பி லேவுக்கே வந்துட்டோம். ஊற்றை அம்மா கண்ணாலகூடப் பாக்கல.

அப்புறம் "வண்டி அனுப்பிட்டோம்ல அக்கா", "அக்கவுண்ட்ஸ்ல கேக்கறேன்", "ஏழு வேலை நாள் ஆகும்". இப்ப பிளாக். 38,500 ரூபாய், அம்மா சீட்டுப் பணம்.

பூகான்னு அவன் அனுப்பின குளத்துப் படத்தை லே ஹோட்டல்காரர்கிட்ட காட்டினேன். அது பூகாவே இல்லையாம். பூகா 4,400 மீட்டர் உயரத்துல கந்தகம் படிஞ்ச சதுப்பு, தண்ணி கொதிக்கும், இறங்கவே முடியாதுன்னார்.

விவரமா எழுதணும்னு நினைச்சேன், கை நடுங்குது. மஞ்சள் பிளேட் வண்டின்னா மட்டும் ஏறுங்க. லே டாக்ஸி யூனியன் ரேட்டை முதல்ல பாருங்க. போஸ்ட்பெய்டு சிம் கொண்டு போங்க. முழுப்பணம் போடாதீங்க. ஏமாந்தா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்குக் கூப்பிடுங்க, நான் பத்து நாள் காத்திருந்து இன்னைக்குத்தான் கூப்பிட்டேன்.

தங்கச்சி போன்ல பாத்தேன். அதே குளத்துப் படத்தைப் போட்டு அடுத்த மாசத்துக்கு ஆள் சேக்கறான்.