கடலூரில் கார் பழகச் சேருகிறவர்களுக்கு: 9,500 ரூபாய் இழந்தவளின் எச்சரிக்கை

நேற்று காலை கார் ஓட்டும் தேர்வில் தோற்றுவிட்டு வந்த சூடு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். மஞ்சக்குப்பத்தில் உள்ள ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் 9,500 ரூபாய் கட்டினேன், பெயர் வேண்டாம்.

சேர்ந்த அன்று உரிமையாளர், "எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வந்து 30 நாள் ஆகட்டும்க்கா, அதுக்குள்ள நீங்க தனியா பாண்டிக்கே ஓட்டிட்டுப் போவீங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மயங்கி முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன். உடனே வருகைப் பதிவேட்டை நீட்டி, தினமும் கையெழுத்து வாங்குவது தொல்லை என்று சொல்லி, 21 கட்டங்களிலும் அப்போதே போடச் சொன்னார். போட்டேன். என் மாமியார் பால் கணக்கில்கூட அப்படிப் போடமாட்டார்.

வண்டியில் ஏறியது ஒன்பதே நாள். ஒரே காரில் நான்கு பேர், ஆளுக்குக் கால் மணி நேரம். செம்மண்டலத்திலிருந்து கெடிலம் பாலம் வரை கார் ஒருமுறைகூட ஆஃப் ஆகாமல் போனதால், ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்றே நம்பியிருந்தேன். ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் தன் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கிளட்சை அவரே மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது நேற்றுதான் புரிந்தது. தேர்வில் அந்த இருக்கையில் மோட்டார் வாகன ஆய்வாளர் அமர்ந்ததும், நான் கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி குலுங்கி மூன்று முறை நின்றது. பின்னால் எடுக்கச் சொன்னார். ரிவர்ஸ் கியர் எந்தப் பக்கம் விழும் என்றுகூட எனக்கு எவரும் காட்டியதில்லை.

பள்ளியில் கேட்கப் போனால், "இன்னைக்கு வந்த ஆய்வாளர் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றார்கள். மாலையில், ஓனர் விழுப்புரம் போயிருக்கிறார் என்றார்கள். இன்று காலை அவரே பேசி, மறுதேர்வுக்கு இன்னும் 2,500 ரூபாய் கட்டச் சொன்னார். மத்திய விதிப்படி தேர்வுக் கட்டணம் 300 ரூபாய்தான்; தோற்றவர் ஏழு நாள் கழித்து மறுபடியும் போகலாம். காருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் 10 மணி நேரமாவது ஓட்ட வைக்கவேண்டும் என்றும் விதி இருக்கிறதே என்று கேட்டதற்கு, "21 கையெழுத்தும் உங்களோடதுதானேக்கா?" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். நான் ஓட்டியது மொத்தமே இரண்டேகால் மணி நேரம். அதற்கு 9,500 ரூபாய்!

தேர்வுக்குத் தயாராவது எப்படி என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஒன்றும் ஓடவில்லை. பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். ஓட்டிய நாளுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். மாஸ்டரின் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ரசீதை அங்கேயே படித்துவிடுங்கள். என்னுடையதில் 5,000 என்று எழுதியிருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.