ஐஸ் மேக்கர் நின்றால் கல்லடி அண்ணனைக் கூப்பிடுங்கள்

தானாக ஐஸ் போடுகிற பெரிய பிரிட்ஜ் மட்டக்களப்பிலும் இப்போது சில வீடுகளில் இருக்கிறது, ஆனால் அது பழுதானால் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. எங்களுடையதில் சூடான கச்சான் காற்று அடிக்கிற நேரம் பார்த்து ஐஸ் மேக்கர் நின்றுவிட்டது. விற்ற நிறுவனத்தின் சேவைப் பிரிவோ ஆளே அனுப்பாமல், முழு ஐஸ் மேக்கரையும் மாற்றுங்கள் என்று போனிலேயே ஒரு பெரிய விலையைச் சொன்னது. அது சரியே இல்லை.

பிறகு வந்தவர்தான் கல்லடியில், திருச்செந்தூர் முருகன் கோயில் பக்கம் கடை வைத்திருக்கிற அண்ணன். வந்ததும் ஸ்க்ரூ ட்ரைவரைத் தூக்கவில்லை, "நிற்க முதல் ஐஸ் எப்படி இருந்தது தம்பி?" என்றுதான் கேட்டார். கட்டிகள் சிறுத்து, நடுவில் குழிவாக வந்தன என்றேன். அப்படியென்றால் தண்ணீர்தான் போதவில்லை என்றார். இருந்தாலும் பெட்டி நிறைந்ததும் ஐஸ் போடுவதை நிறுத்தும் கம்பி மேலே மாட்டியிருக்கிறதா, ப்ரீசர் மைனஸ் 18 பாகையில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பின்னால் தண்ணீர் வருகிற குழாயைக் கழற்றி வாளிக்குள் விட்டார். நூல் மாதிரி ஒழுகியது.

வீட்டு வேலை நடந்தபோது குசினி லைனை நீர் வழங்கல் சபைக் குழாயிலிருந்து மேலே இருக்கிற தண்ணீர்த் தாங்கிக்கு மாற்றியிருந்தார்கள். 20 அடி உயரத் தாங்கி கொடுப்பது 8, 9 பிஎஸ்ஐ அழுத்தம்தான், ஐஸ் மேக்கரின் வால்வுக்கோ பொதுவாகக் குறைந்தது 20 வேண்டும். அழுத்தம் குறைந்தால் வால்வு முழுதாக மூடாமல் சொட்டும், அந்தச் சொட்டுத்தான் உள்ளே போகிற குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்று கழற்றியே காட்டினார், உள்ளே ஐஸ் தக்கை மாதிரி இறுகி இருந்தது. கரண்டை நிறுத்தி அதை உருக்கி, லைனில் அழுத்தத்தைக் கூட்டுகிற சின்ன பூஸ்டர் பம்ப் ஒன்று பூட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய தண்ணீர் பில்டரையும் மாற்றினார். ஐஸ் மேக்கரில் கைவைக்கவே இல்லை. எல்லாம் சேர்த்து வந்த செலவு நிறுவனம் சொன்ன தொகைக்குக் கிட்டவும் இல்லை.

குறை என்றால், காலையில் வருகிறேன் என்றவர் பின்னேரம்தான் வந்தார், பில்லும் நாமாகக் கேட்டால்தான் எழுதித் தருகிறார். மற்றபடி இவ்வளவு பொறுமையாக விளங்கப்படுத்துகிற ஆள் கிடைப்பது அருமை. உடனே ஐஸ் கொட்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், ப்ரீசர் திரும்பக் குளிர்ந்து வர ஒரு நாள் போகும், முதலில் விழுகிற கட்டிகளைக் கொட்டிவிடுங்கள், புது பில்டரின் கரித்தூள் அதில் இருக்கும்.