பாமினியிலிருந்து இறுக்கமான எச்டிஎம்எல்லுக்கு: நெடுநாள் பயன்பாட்டில் கண்டது

கிளிநொச்சியில் எங்கள் கமக்காரர் அமைப்பின் இணையப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது நான். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் திறக்கும் நாள், கூட்ட அறிவித்தல், விதைநெல் விபரம், அவ்வளவுதான் அதில் இருக்கும். பழைய பக்கங்கள் முழுக்கப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். பந்திக்கு ஒரு ஃபொன்ட் டேக், அதாவது எழுத்துருவைச் சொல்லும் குறி. அவற்றை, இணையப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல் மொழியின் இறுக்கமான வடிவமான எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 ஸ்ட்ரிக்டுக்கு மாற்றி, பிறகு எச்டிஎம்எல்5இல் வந்து நின்றிருக்கிறோம்.

ஸ்ட்ரிக்டில் ஃபொன்ட் டேக்குக்கு இடமில்லை. ஆங்கிலப் பக்கமென்றால் அழித்துவிட்டு, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி போட்டால் முடிந்தது. பாமினியோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுகிற எழுத்துரு. டேக்கை எடுத்தால் திரை முழுக்கப் பொருளற்ற ஆங்கில எழுத்துதான். சிஎஸ்எஸ்ஸில் பாமினியின் பெயரைப் போட்டுச் சமாளிக்கலாம். இணைய விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் சோதிப்பானும் பேசாமல் விட்டுவிடும். ஆனால் கைத்தொலைபேசியில் பாமினி இல்லையே! வரப்பில் நின்று பார்ப்பவருக்கு என்ன தெரியும்? அதனால் எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கே மாறினோம்.

பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டால் கொம்பு, கால் எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். சிக்கல் வேறிடத்தில்: இடையில் கிடக்கும் ஆங்கிலத்தையும் அது தமிழாக்கிவிடும். 'பிஜி 352' என்ற நெல்லினம் 'டீபு 352' ஆகிவிட்டது. விதைநெல் பட்டியலைக் கையால்தான் திருத்தினோம்.

மொழி தமிழ் என்று பக்கத்தின் தலையிலேயே குறித்ததில், பக்கத்தை உரக்க வாசிக்கும் திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்துகொள்கிறது. யூனிகோடு ஆனதால் கூகுள் தேடலிலும் அறிவித்தல்கள் அகப்படுகின்றன. சொல்லப்போனால் இந்த இரண்டும் ஸ்ட்ரிக்ட் தந்தவை அல்ல. ஆனால் அதன் நெருக்குதல் இல்லாவிட்டால் பாமினியைத் தொட்டிருக்கவே மாட்டோம்.

பிடிக்காததும் உண்டு. பக்கத்தை எக்ஸ்எம்எல் என்ற, பிழை பொறுக்காத வடிவிலேயே அனுப்பினால், தப்பாக விழுந்த ஓர் ஆம்பர்சன்ட் (&) குறி போதும், ஃபயர்பொக்ஸ் மஞ்சள் பிழைத்திரையைக் காட்டும். தண்ணீர் திறக்கிற நாளில் அது ஆகுமா? அடுத்த பதிப்பாக வரவிருந்த எக்ஸ்எச்டிஎம்எல் 2 வேலையை டபிள்யூ3சியே 2009இல் கைவிட முடிவெடுத்தது. 2014இல் எச்டிஎம்எல்5 பரிந்துரையானது. இப்போது தொடங்குபவர் நேரே அதற்கே போகலாம். டேக்குகளை மூடும் பழக்கத்தை மட்டும் நான் விடவில்லை.

சுற்றறிக்கைகள் இன்னும் பாமினி வேர்ட் கோப்புகளாகத்தான் வருகின்றன. தட்டச்சுப் பழகிய பிள்ளைகளிடம் விசைமுறையை மாற்றச் சொல்லத் தேவையில்லை. இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைகளிலேயே யூனிகோடு அடிக்கலாம். ஒருவருக்கு நிறுவிக் கொடுத்தேன், சரிவந்தது.