கால்பந்துத் திடலா, மாலைப் படிப்பகமா?

18 முதல் 29 வயது வரையுள்ள இளைஞர்களுக்கு அமைதிப் பணியில் இடம் வேண்டுமென ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2250ஆம் தீர்மானம் 2015இல் வலியுறுத்தியது. அப்பணியை வடசென்னையின் வியாசர்பாடியில் தொடங்குவோர் முன் இரண்டு வழிகள் உள்ளன: கால்பந்துத் திடல், பிள்ளைகள் மாலையில் கூடிப் படிக்கும் படிப்பகம். கால்பந்து அங்கே ஏற்கெனவே வேரூன்றிய விளையாட்டு என்பதால், முறைத்துக்கொண்டு திரியும் இரண்டு தெருப் பையன்களை ஒரே அணியில் கலந்து நிறுத்தினால், பந்தை அடுத்தவனுக்குக் கொடுத்தே ஆகவேண்டிய கட்டாயத்தில் பேச்சு தானாகத் தொடங்கிவிடுகிறது. கைகலப்பு மூண்டாலும் மூத்த அண்ணன்மார் அங்கேயே தீர்த்துவைக்க முடிகிறது. ஆனால் வளர்ந்த பெண்பிள்ளைகளை மாலையில் திடலுக்கு அனுப்பப் பல வீடுகள் தயங்குகின்றன.

படிப்பகத்துக்கு அந்தத் தயக்கம் குறைவு. பிள்ளைகளை அழைத்துப்போக வரும் அம்மாக்களிடையே குடிநீர், குப்பை பற்றிய பேச்சும் எழும். பலன் தெரியத்தான் காலமாகும். தெருப்பகை சூடாக உள்ள இடத்தில் திடலையே முதலில் தேர்வேன். படிப்பகத்தை அதே இளைஞர்களைக் கொண்டு அடுத்த கல்வியாண்டில் திறக்கலாம்.